ஆத்துத் தண்ணியா, கண்மாய்த் தண்ணியா? தெருப் பணம் 40,000-ஐ எதில் போடுவது

மாரியம்மன் கோயில் முளைப்பாரிக் கணக்கை முடித்துப் பார்த்தபோது கையில் 40,000 ரூபாய் மிச்சம் இருந்தது. வழக்கமாக இந்த மிச்சம் அடுத்த வருஷத்து மைக் செட்டுக்குப் போய்விடும். இந்த முறை ஐப்பசி மழைக்கு முன்னால் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. எங்கள் தெருவில் 38 வீடுகள். மதுரையில், வைகைக்கு வடக்கே, செல்லூர்ப் பக்கம். மழை என்றாலே கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கிற ஏரியா.

மூன்று யோசனைகள் வந்தன. தண்ணீர் இறைக்க, பெட்ரோலில் ஓடும் பம்பு ஒன்று வாங்கிவிடலாம் என்றார் மூலை வீட்டு அண்ணன். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் பிரித்துக் கொடுத்து அவரவர் ஒரு அவசரப் பை தயார் செய்யட்டும் என்றார்கள் சிலர். தெருவுக்குப் பொதுவாக ஒரு பெட்டி சாமான் வாங்கி வைக்கலாம் என்றது மூன்றாவது கட்சி. கணக்குப் போடத் தெரிந்தவன் என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த நோட்டில் எழுதியதையும், கூட்டத்தில் சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் இந்தக் கேள்வி வரலாம்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

மதுரையில் வெள்ளம் என்று ஒரே சொல்லைச் சொல்கிறோம். ஆனால் வருவது இரண்டு வெவ்வேறு தண்ணீர். எதை வாங்குவது என்பது உங்கள் வீட்டுக்கு எது வரும் என்பதைப் பொறுத்தது. இதைத் தீர்மானிக்காமல் பட்டியல் போடுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

ஆற்றுத் தண்ணீர் சொல்லிவிட்டு வரும். வைகை அணை மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருக்கிறது. 1959-இல் திறந்தது. முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாம் கட்டம், 69 அடிக்கு மூன்றாம் கட்டம். மூன்றாவதற்குப் பிறகு அணைக்கு வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும். திறந்த தண்ணீர் நம் யானைக்கல் தரைப்பாலத்தைத் தொடுவதற்குப் பல மணி நேரம் ஆகும். தினசரியில் பெரியாறு, வைகை நீர்மட்டம் என்று ஒரு சின்னக் கட்டம் போடுகிறார்களே, என் அப்பா ராசிபலனுக்கு முன்னால் அதைத்தான் படிப்பார். 1993 நவம்பரில் வைகை கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

இதில் ஒரு பிசகு உண்டு. அணைக்குக் கீழேயும் தண்ணீர் சேரும். பழனி மலையடிவாரத்தில் கொட்டினால் மஞ்சளாறு, மருதாநதி வழியாக வரும் தண்ணீருக்கு 66 அடி, 69 அடி கணக்கெல்லாம் கிடையாது. அணை பாதிதான் இருக்கிறது என்று காலை நீட்டிப் படுத்துவிட முடியாது.

கண்மாய்த் தண்ணீர் அப்படி இல்லை. அது சொல்லாமல் வரும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற மாதிரிதான் நம் ஊரைச் சுற்றி எல்லாமே அமைந்திருக்கிறது. அந்தச் சங்கிலிக்கு நடுவில் நாம் வீடு கட்டிவிட்டோம். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி நடந்தது இதுதான். ஒரு நாளில் சுமார் 10 செ.மீ. மழை. அதில் பெரும்பங்கு கொஞ்ச நேரத்துக்குள் கொட்டியது. செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்கவில்லை. தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அணையில் யாரும் எதையும் திறந்துவிடவில்லை.

10 செ.மீ. என்றால் கேட்க அல்பமாக இருக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை என்பது 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் எட்டாயிரம் நடைக்கு மேல் போக வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது வெறும் ‘கனமழை’. அதற்கு மேலேதான் ‘மிகக் கனமழை’, 204.4-ஐத் தாண்டினால்தான் ‘அதி கனமழை’. அன்று எங்களை மூழ்கடித்தது சாதாரணக் கனமழை. ரெட் அலர்ட் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் கதை கந்தல்தான். அந்த வண்ணங்கள் நாள் முழுக்கப் பெய்வதைக் கணக்கிடும். கால் மணி நேரத்தில் கொட்டுவதைச் சொல்லாது.

ஆக, ஆற்றோரத்துக்காரருக்கு நேரம் இருக்கிறது. அவருக்குத் தேவை வெளியேறும் ஏற்பாடு. கண்மாய்க்கு அடியில் இருப்பவருக்கு நேரம் இல்லை. அவருக்குத் தேவை கைக்கு எட்டும் தூரத்தில், மாடியில், ஏற்கெனவே இருக்கும் பொருள். நாங்கள் இரண்டாவது வகை. ஆறும் நிரம்பி ஓடுகிற நாளில் வாய்க்கால் தண்ணீருக்கு ஆற்றில் இறங்க வழியில்லாமல் எதிர்த்து நிற்கும் என்பதால் முதல் வகையும் கொஞ்சம் எங்களிடம் உண்டு.

பம்பு

இதைத்தான் பலரும் விரும்பினார்கள். பம்பு என்றால் கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும், வேலை நடக்கிற மாதிரி இருக்கும். அண்ணன் குழாயோடு சேர்த்து 28,000 என்று விலையும் கேட்டு வந்திருந்தார். மணிக்கு 30,000 லிட்டர் இறைக்குமாம்.

நான் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். தெருவும் வீடுகளுமாக எங்கள் இடம் ஒன்றே முக்கால் ஏக்கர் வரும். அதில் ஓர் அடி தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 21 லட்சம் லிட்டர். பம்பு நிற்காமல் ஓடினாலும் மூன்று நாள். அதுவும் புதிதாக ஒரு சொட்டுகூட வராமல் இருந்தால். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

“அண்ணே, இறைச்சு எங்க விடுறது?”

“வாய்க்கால்ல.”

“வாய்க்கால்தானே நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்கு?”

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தெருத் தண்ணீர் வடிந்த பிறகும் சம்ப்பிலும் பள்ளமான வீடுகளிலும் நிற்பதை யார் இறைப்பார்கள்? பம்பு அதற்குப் பயன்படும். ஆனால் அது மூன்றாம் நாள் வேலை. அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வருஷத்தில் 360 நாள் சும்மா கிடக்கும் பெட்ரோல் என்ஜின், தேவைப்படும் அன்று ஒரே இழுப்பில் ஓடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு விஷயம், பம்போ ஜெனரேட்டரோ, பெட்ரோலில் ஓடுவதை வீட்டுக்குள்ளேயோ மூடிய வராண்டாவிலேயோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிற ஆள் எழுந்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு ஒரு பை

கேட்க நியாயமாக இருப்பது இதுதான். எல்லாருக்கும் சமம், யாருக்கும் மனக்குறை இல்லை. பையில் என்ன வைப்பது என்பதும் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய் எல்லாம் அடுப்பு மூட்டாமல் தின்னக் கூடியவை. பொரி வேண்டாம், இடத்தையும் அடைக்கும், ஈரக் காற்றில் நமத்தும் போகும். ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல். டார்ச். செல்போன் டவர் விழுந்தால் ஜிபே வேலை செய்யாது என்பதால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம். ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள் பிளாஸ்டிக் உறையில். ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும் டிஜிலாக்கரில் இருந்தால் காகிதம் நனைந்தாலும் தப்பித்துவிடலாம். வீட்டுப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், ஆனால் அசலைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். எங்கள் பத்திரம் 2024-இல் நனைந்தது. இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொரு பக்கமாகக் காயவைத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

தண்ணீரைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர், அதாவது இரண்டு கேனும் ஒரு குடமும். சம்ப்பில் 5,000 லிட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகும்போது முதலில் கெடுவது சம்ப்தான். மழை இருட்டினால் கரண்ட் போவதற்குள் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். பைசா செலவில்லாத ஏற்பாடு இது ஒன்றுதான்.

பை நல்லது. ஆனால் தெருப் பணத்தை அதற்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. காரணத்தைச் சொல்ல மதுரையின் பழைய வெள்ளத்துக்குப் போக வேண்டும். வைகை கரையை உடைத்தது. பாண்டியன் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கரையைப் பங்கு பிரித்தான். சமமான பங்கு, நியாயமான ஏற்பாடு. எல்லார் பங்கும் அடைபட்டது, பிட்டு விற்ற வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. அவளுக்கு ஆள் இல்லை. கதையில் சொக்கநாதரே உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமக்க வந்தார். ஆவணி மூலத்துக்கு வருஷா வருஷம் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இதைக் கொண்டாடுகிறோம், பிரம்படியைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் யோசிப்பது அந்தப் பங்கு பிரித்த முறையை. உடைப்பை அடைக்காமல் விட்ட ஒரு பங்கு போதும், ஊர் முழுகிவிடும்.

எங்கள் தெருவில் வந்திகள் நாலு பேர் இருக்கிறார்கள். எதிர் வீட்டு அப்பத்தாவுக்கு மகன் திருப்பூரில். அவரிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அந்தப் பை யாரால் மாடிக்கு ஏறும்? அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை

பை என்றதும் பாதிப் பேர் இன்வெர்ட்டருக்குத் தாவிவிட்டார்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். 150 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரியில் அடங்குவது 1,800 வாட் மணி. பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைக் கணக்கில் கொள்ளுங்கள். பழைய மின்விசிறி இரண்டும் எல்இடி விளக்கு நான்கும் ஓடினால் ஐந்து மணி நேரம் வரும். 30 வாட் இழுக்கும் புது வகை மின்விசிறி என்றால் ஒன்பது மணி நேரம். வெள்ளத்தில் போன கரண்ட் ஒரே ராத்திரியில் திரும்பி வந்துவிடாது, மின்வாரியத்தாரே பாதுகாப்புக்காக நிறுத்தி வைப்பார்கள். இருபது, இருபத்தைந்தாயிரம் போட்டு வாங்கிய சாமான் முதல் ராத்திரியோடு முடிந்துவிடும். அதையும் தரையில்தான் வைத்திருக்கிறோம். மழைக்காலத் தயாரிப்புக்கு நல்ல டார்ச் இரண்டும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும் போதும். அந்தப் பவர் பேங்க் ஒரு செல்போனை இரண்டு, இரண்டரை முறை நிரப்பும். சித்திரை வெயிலுக்கு இன்வெர்ட்டர் வாங்குங்கள், அது வேறு கணக்கு. ஏற்கெனவே இருந்தால் இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டு அடித்து ஏற்றிவிடுங்கள்.

தெருவுக்கு ஒரு பெட்டி

எந்த வீடும் தனக்கென்று வாங்காத, ஆனால் எல்லா வீட்டுக்கும் தேவைப்படும் சாமான் எது? இந்தக் கேள்விதான் பெட்டியைத் தீர்மானிக்கிறது. மழைக்கோட்டை யாரும் வாங்கிக்கொள்வார்கள். முப்பது மீட்டர் தடித்த நைலான் கயிறை யார் வாங்குவார்கள்? கடப்பாரை, மண்வெட்டி, தார்ப்பாய் நாலு, கம்பூட் நாலு ஜோடி, ரப்பர் கையுறை, பேட்டரியில் பேசும் கை மைக் ஒன்று, லாரி டயர் டியூப் இரண்டு. நடக்க முடியாதவர்களைத் தூக்கக் கித்தான் ஸ்ட்ரெச்சர். காலி சிமெண்டுச் சாக்கு நூறு.

சாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுக்க மண் திணித்துக் கல் மாதிரி ஆக்கினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வாயை மடக்கி, செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கி மிதிக்க வேண்டும், தண்ணீர் வரும் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாளோடு. வாசலை அடைத்தால் மட்டும் போதாது. பாதாளச் சாக்கடை எதிர்த்தால் தண்ணீர் கழிப்பறைக் குழியிலிருந்து மேலே வரும். அங்கேயும் ஒரு சாக்கைத் தூக்கிப் போட வேண்டும். 2024-இல் வாசலில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்கட்டு முழுக்க நிறைந்திருந்தது.

பிளீச்சிங் பவுடரை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வைக்க வைக்க அதன் குளோரின் போய்விடும். அதை ஒவ்வொரு புரட்டாசியிலும் புதிதாக வாங்க வேண்டும்.

பெட்டியின் பலவீனம் சாமானில் இல்லை, சாவியில் இருக்கிறது. எங்களிடம் முன்பே சின்னதாக ஒன்று இருந்தது, சமுதாயக் கூடத்தில் தரையில். மழை வந்த அன்று சாவி வைத்திருந்த வீட்டார் மானாமதுரைக்கு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டை உடைத்துத் திறந்தபோது கயிறு சேற்றில் ஊறிக் கிடந்தது. பொதுச் சொத்து என்றால் யாருடைய சொத்தும் இல்லை என்று ஆகிவிடுகிறது. பையில் அந்தத் தொல்லை கிடையாது, தன் பையைத் தேடி யாரும் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை.

இருந்தும் என் ஓட்டு பெட்டிக்குத்தான். பைக்கு வேண்டியதை 38 வீட்டில் முப்பது வீடு சொந்தக் காசிலேயே செய்துகொள்ளும். மீதி எட்டு வீட்டுக்குத் தெருப் பணத்தில் நாமே நிரப்பிக் கொடுக்கலாம். பெட்டியை எந்த வீடும் தனியாகச் செய்யாது.

போவதா, இருப்பதா

பணத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட முடிவு இது. இங்கேயும் இரண்டு தண்ணீருக்கும் பதில் நேர் எதிர்.

ஆற்றங்கரையில் தாழ்வான இடத்தில் இருக்கிறீர்களா? இரண்டாம் கட்ட எச்சரிக்கை வந்த அன்று பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள். சொந்தக்காரர் வீடு முதல் சாய்ஸ், மாநகராட்சிப் பள்ளியில் போடும் முகாம் இரண்டாவது. முகாமை ஏதோ கௌரவக் குறைச்சலாகப் பார்ப்பவர்கள் நம்மிடம் அதிகம். ஆனால் நிவாரணக் கணக்கெடுப்பும் மருத்துவக் குழுவும் முதலில் வருவது அங்கேதான். சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும், நாலாம் நாள் முகம் மாறும்.

கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் ஓட ஆரம்பித்த பிறகு கிளம்பாதீர்கள். மாடிக்கு ஏறுங்கள், மாடி இல்லாதவர்களை மாடி உள்ள வீட்டுக்கு ஏற்றுங்கள். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளின் காலை வாரிவிடும். இரண்டடியில் கார் மிதக்கும். எங்கே சாக்கடை மூடி திறந்திருக்கிறது என்று கலங்கல் தண்ணீரில் தெரியாது. கண்மாய்க்கரைப் பாம்புகளும் அன்றைக்கு மேட்டைத் தேடித்தான் வரும். மழை நாளில் கர்டர் பாலத்தடிக்குள் வண்டியை விடக் கூடாது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும், ஆனாலும் விடுகிறார்கள். ஏறுவதற்கு முன் இரண்டு வேலை: மெயின் ஸ்விட்சை அணைப்பது, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டுச் சிலிண்டர் மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியில் கட்டுவது. நின்றுகொண்டிருப்பதே தண்ணீரில் என்றால் ஸ்விட்ச் போர்டைத் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. இந்த நாலையும் செல்போனில் மட்டுமல்ல, மாடிப்படிச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கிறோம்.

கடைசியில் நடந்தது

பெட்டிக்கு 24,000. எட்டு வீட்டுப் பைகளுக்கு 8,000. மீதி 8,000-ஐ வடிந்த பிறகு பம்பு வாடகைக்கும் ஒவ்வொரு புரட்டாசியும் பிளீச்சிங் பவுடருக்கும் என்று வங்கியில் போட்டாயிற்று. பெட்டி இப்போது ஒரு வீட்டின் மாடிப்படிக்கு மேலே, பரண் மாதிரி ஒரு இடத்தில் இருக்கிறது. அப்பத்தாவைத் தூக்கிக்கொண்டு போவது யார் வீட்டுக்கு என்பதில்தான் சண்டையே வந்தது. மூன்று மதினிகள் எங்கள் வீட்டுக்குத்தான் என்று போட்டி போட்டார்கள். அப்பத்தா நாலாவது வீட்டைச் சொன்னார், அங்கே கழிப்பறை மாடியிலேயே இருக்கிறதாம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சாவி மூன்று வீட்டில். மூன்று வீட்டாரும் ஒரே விசேஷத்துக்குப் போகிற அளவுக்குச் சொந்தம் இருக்கக் கூடாது என்று தேடிப் பிடித்துக் கொடுத்தோம். மூன்றாவது சாவி பம்பு கேட்ட அண்ணனிடம். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் மழை இருட்டினால் முதல் ஆளாக மாடியேறிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார்.